தடுப்பூசி பற்றிய செய்தி மாறும்போது எதை நம்புவது: படிப்படியான முழு வழிகாட்டி

2021 மே 13 அன்று, கோவிட் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலான இடங்களில் முகக்கவசம் இல்லாமல் இருக்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. அறிவித்தது. அதே ஆண்டு ஜூலை 27 அன்று, தொற்று அதிகமாகப் பரவும் பகுதிகளில் ஊசி போட்டவர்களும் பொது இடங்களின் உள்ளரங்குகளில் முகக்கவசம் அணிய வேண்டும் என்று அதே மையம் சொன்னது. இடையே பதினொரு வாரங்கள்கூட முழுமையாகக் கழியவில்லை.

இந்த மாற்றத்தைக் கண்டவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். அறிவியல் என்றால் மாறத்தான் செய்யும் என்று ஒரு சாரார் கேள்வியையே தட்டிக்கழித்தார்கள். அன்றைக்குச் சொன்னது அத்தனையும் பொய் என்று மறுசாரார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரு சாராருமே செய்யாமல் விட்ட வேலை ஒன்று உண்டு. பழைய செய்தியில் எந்தப் பகுதி மாறியது, எதனால் மாறியது என்று பார்ப்பதுதான் அது.

செய்தி மாறியது என்பது மட்டுமே ஒரு தடுப்பூசியைப் பற்றியோ அதைப் பரிந்துரைத்தவரைப் பற்றியோ எதையும் நிரூபித்துவிடாது. ஆய்வு கேட்ட கேள்வி வேறாக இருக்கலாம், காலம் கடந்திருக்கலாம், கிருமி மாறியிருக்கலாம், ஊசி போட்டுக்கொண்ட மக்கள் வேறாக இருக்கலாம், தரவு கூடியிருக்கலாம், சில நேரங்களில், முதலில் பேசியவர் தம் கையில் இருந்த தரவுக்கு மேலே பேசியிருக்கலாம். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் முறை கீழே தரப்படுகிறது. உங்களுக்கோ உங்கள் குழந்தைக்கோ எந்த ஊசி எப்போது தேவை என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் என்னென்ன கேட்பது என்பதற்கு இந்தப் படிகள் பயன்படும்.

படி 1: பழைய செய்தியையும் புதிய செய்தியையும் மூல வடிவில் எடுத்து வையுங்கள்

நினைவில் இருப்பதை நம்ப வேண்டாம். யார் சொன்னார், என்றைக்குச் சொன்னார், எந்தச் சொற்களில் சொன்னார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே தடுப்பூசியைப் பற்றிய செய்தி நான்கு வாய்களின் வழியாக நம்மிடம் வந்து சேர்கிறது: சோதனையை நடத்தியவர்களின் ஆய்வறிக்கை, அனுமதி வழங்கும் அமைப்பின் ஆவணம், சுகாதார அதிகாரியின் பேட்டி, அரசியல் தலைவரின் பேச்சு. முதலாவதிலிருந்து கடைசிக்கு வரவர நிபந்தனைகள் உதிர்ந்துகொண்டே போகும்; உறுதி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

ஃபைசர்–பயோஎன்டெக் தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பர் 11 அன்று அதற்கு அவசரகால அனுமதி அளித்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பாதுகாப்பு எவ்வளவு காலம் நீடிக்கும் என்று தீர்மானிக்கத் தரவு இல்லை என்றும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்றும் அன்றைய அறிவிப்பிலேயே எழுதியிருந்தது. 2021 மார்ச் 29 அன்று சி.டி.சி.யின் அப்போதைய இயக்குநர் ரோஷெல் வலென்ஸ்கி, ஊசி போட்டவர்கள் வைரஸைச் சுமப்பதில்லை என்று தரவுகள் காட்டுவதாகத் தொலைக்காட்சியில் கூறினார். சில நாட்களிலேயே அவருடைய நிறுவனம் அந்தப் பேச்சிலிருந்து பின்வாங்க வேண்டி வந்தது. ஜூலை 21 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன், இந்த ஊசிகளைப் போட்டிருந்தால் உங்களுக்குக் கோவிட் வராது என்று ஒரு நேரலை நிகழ்ச்சியில் சொன்னார்.

2022 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றக் குழுவின் முன் ஃபைசர் அதிகாரி ஒருவர், சந்தைக்கு வருமுன் இந்த ஊசி பரவலைத் தடுக்கிறதா என்று சோதிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டபோது, பெரிய ரகசியம் ஒன்று அம்பலமானதைப் போல அந்தக் காணொளி உலகெங்கும் சுற்றியது. அதில் ரகசியம் ஏதும் இல்லை. இருபத்திரண்டு மாதங்களுக்கு முன்பே அது அச்சில் இருந்தது. அதற்காக அதிகாரிகளைத் தப்பவிடவும் முடியாது. ஆவணத்தில் இருந்த நிபந்தனையை மேடைக் குரல் விழுங்கிவிட்டது. மக்களின் காதில் விழுந்தது மேடைக் குரல்தான். ஆகவே உங்கள் தாளில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அது எந்த வாயிலிருந்து வந்தது என்று குறியுங்கள். பல சமயங்களில், மாறியது அறிவியலின் முடிவு அன்று, அதற்கு மேடையில் கிடைத்த சுருக்கம் என்பது இந்த முதல் படியிலேயே தெரிந்துவிடும்.

படி 2: எதிலிருந்து பாதுகாப்பு என்று கேளுங்கள்

இந்த ஊசி 90 சதவீதம் செயல்திறன் கொண்டது என்று யாராவது சொன்னால், உடனே கேட்க வேண்டிய கேள்வி: எதைத் தடுப்பதில் 90 சதவீதம்? தொற்று ஏற்படுவதையா, அறிகுறிகளோடு நோய் வருவதையா, மருத்துவமனையில் சேரும் அளவுக்கு முற்றுவதையா, இறப்பையா, அடுத்தவருக்குப் பரவுவதையா? ஐந்தும் ஐந்து தனித்தனிக் கேள்விகள். ஒரே ஊசிக்கு ஒரே நாளில் ஐந்து வெவ்வேறு எண்கள் இருக்க முடியும்; ஐந்துமே சரியாகவும் இருக்க முடியும்.

ஃபைசர் சோதனையின் முதன்மைக் கேள்வி, இரண்டாவது டோஸ் போட்டு 7 நாட்களுக்குப் பிறகு அறிகுறிகளுடன் வந்து ஆய்வகத்தில் உறுதியான கோவிட் எத்தனை பேருக்கு என்பதுதான். அறிகுறி இல்லாதவர்களின் மூக்கிலிருந்து வாரந்தோறும் மாதிரி எடுத்துத் தொற்று இருக்கிறதா என்று அந்தச் சோதனை தேடவில்லை. தொற்றையும் பரவலையும் பற்றிய விடைகள் பின்னர் வந்த கண்காணிப்பு ஆய்வுகளிலிருந்து கிடைத்தவை.

இந்த ஐந்து எண்களும் ஏன் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை என்பதற்கு உடலுக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது. கையில் போடும் ஊசி, கிருமியைப் பிடித்து முடக்கும் புரதங்களான எதிர்ப்பொருட்களை இரத்தத்தில் ஏராளமாக உருவாக்குகிறது. ஆனால் சுவாச வைரஸ் முதலில் வந்து உட்காரும் மூக்கின் ஈரமான உட்பரப்பில் அவை போதிய அளவில் தங்குவதில்லை. அங்கே வைரஸ் சில நாட்கள் பெருகலாம், தும்மலில் வெளியேறவும் செய்யலாம். அது நுரையீரலை நோக்கி இறங்கும்போதுதான் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருட்களும், டி-செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களும் முழு வலுவோடு எதிர்கொள்கின்றன. அதனால்தான் தொற்றைத் தடுக்கும் ஆற்றல் முதலில் சரிகிறது. உயிருக்கு ஆபத்தான நிலையைத் தடுக்கும் ஆற்றல் நெடுநாள் நிற்கிறது. ஊசி வேலை செய்யவில்லை என்ற பேச்சைக் கேட்கும்போது, எந்த வேலையைச் செய்யவில்லை என்று திருப்பிக் கேட்பது விதண்டாவாதம் ஆகாது.

படி 3: சதவீதம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பிரித்துப் பாருங்கள்

ஃபைசர் ஊசியின் செயல்திறன் 95 சதவீதம் என்றதும், ஊசி போட்ட நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வரும் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படியில்லை. 2020 டிசம்பரில் வெளியான அந்த ஆய்வின் கணக்கு இது: முன்பு தொற்று இல்லாதவர்களில், ஊசி பெற்ற சுமார் 18,200 பேரில் 8 பேருக்கு நோய் வந்தது, மருந்தில்லாத போலி ஊசி பெற்ற சுமார் 18,300 பேரில் 162 பேருக்கு வந்தது. இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால், எட்டை 162-ஆல் வகுத்தால் 0.05 வருகிறது. போலி ஊசிக் குழுவில் வந்த நோயில் இருபதில் ஒரு பங்குதான் ஊசிக் குழுவில் வந்தது. மீதி 95 சதவீதம் தடுக்கப்பட்டது. அது ஒப்பீட்டு எண். அந்தக் குறுகிய கண்காணிப்புக் காலத்தில் ஊசி பெற்ற பத்தாயிரம் பேரில் சுமார் நான்கு பேருக்கும், பெறாத பத்தாயிரம் பேரில் சுமார் 88 பேருக்கும் நோய் வந்தது என்றும் இதையே சொல்லலாம்.

இந்த இரண்டாவது வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, உண்மையான பயன் 1 சதவீதம்கூட இல்லை என்று வாதிட்டவர்கள் உண்டு. கழித்தல் கணக்கு சரிதான், 0.84 சதவீதம்தான். ஆனால் அந்த எண், சோதனை நடந்த சில வாரங்களில் அந்தச் சூழலில் எவ்வளவு தொற்று இருந்தது என்பதைப் பொறுத்தது. தொற்று பத்து மடங்கு பெருகினால், அதே ஊசிக்கு அதே கழித்தல் கணக்கு ஏறத்தாழ பத்து மடங்கு பெரிய விடை தரும். ஊசியின் திறனை அறிய ஒப்பீட்டு எண்ணும், இப்போது நான் அவசரப்பட வேண்டுமா என்று அறிய நேரடி எண்ணும் தேவை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர் எந்தப் பக்கத்தில் நின்றாலும் சற்று நிதானித்துக் கேளுங்கள்.

சதவீதத்தோடு ஒட்டியிருக்கும் வரம்பையும் பாருங்கள். 95 என்ற எண்ணின் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பு, 90.3 முதல் 97.6 வரை இருந்தது. அதே அறிக்கையில் கடுமையான நோய் மொத்தமே 10 பேருக்குத்தான் வந்திருந்தது: போலி ஊசிக் குழுவில் 9, ஊசிக் குழுவில் 1. இவ்வளவு சிறிய எண்ணிலிருந்து உறுதியான சதவீதம் எதையும் பிழிந்தெடுக்க முடியாது. பின்னாளில் அந்த எண் மாறினால் வியப்பதற்கும் ஒன்றுமில்லை.

எண்ணைச் சொல்லும் விதமே நம்பிக்கையைக் குலைத்த கதையும் இருக்கிறது. ஆஸ்ட்ராசெனெகா தடுப்பூசிக்கு 2020 நவம்பரில் வெளியான 70 சதவீதம், இரண்டு முழு டோஸ் பெற்றவர்களில் 62, முதலில் அரை டோஸ் பெற்றவர்களில் 90 என்ற இரண்டு முடிவுகளைச் சேர்த்துக் கிடைத்த சராசரி. 2021 மார்ச் 22 அன்று அமெரிக்கச் சோதனையின் முடிவாக 79 சதவீதம் என்று அறிவித்தார்கள். பழைய தரவு கலந்திருக்கலாம் என்று கண்காணிப்புக் குழு கவலை தெரிவித்ததும், மூன்றே நாளில் 76 என்று திருத்தினார்கள். மூன்று புள்ளி வித்தியாசத்தால் ஊசியின் மதிப்பில் பெரிதாக எதுவும் குறையவில்லை. அவசரமாக ஓர் எண்ணை வெளியிட்டுப் பின்வாங்கியதால் குறைந்தது வேறொன்று.

படி 4: எத்தனை மாதம் கழித்து அளந்தார்கள்?

அந்த ஃபைசர் சோதனையையே ஆறு மாதம் வரை தொடர்ந்து பார்த்தபோது, முதல் இரண்டு மாதங்களில் 96.2 சதவீதமாக இருந்த பாதுகாப்பு, அடுத்த இரண்டு மாதங்களில் 90.1 ஆகவும், அதற்குப் பிறகு 83.7 ஆகவும் குறைந்திருந்தது. மாதத்தைச் சொல்லாமல் செயல்திறனைச் சொல்வது தேதியில்லாத கடிதம் போன்றது.

எல்லாத் தடுப்பூசியும் இப்படித் தேய்வதில்லை. தட்டம்மைக் கிருமி உடலில் நுழைந்து நோயாக வெளிப்பட ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகிறது. அதற்குள், முன்பு கண்ட கிருமியை அடையாளம் வைத்திருக்கும் நினைவுச் செல்கள் விழித்தெழுந்து புதிய எதிர்ப்பொருட்களை உருவாக்கிவிட முடியும். இன்ஃப்ளூயன்சாவும் கோவிட்டும் சில நாட்களிலேயே அறிகுறி காட்டுகின்றன. நினைவுச் செல்கள் வேலையைத் தொடங்கும்போது தும்மலும் காய்ச்சலும் வந்துவிட்டிருக்கும். அதன்பின் அவை தடுப்பது நோய் முற்றுவதைத்தான். ஆகவே தட்டம்மை ஊசி ஆயுள் முழுவதும் நிற்கிறதே, இது ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு, இரண்டு கிருமிகளின் வேகமும் வேறு என்பதே விடையின் பெரும்பகுதி.

டோஸ் எண்ணிக்கை மாறுவதற்கெல்லாம் தேய்மானம்தான் காரணம் என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் தட்டம்மைக்கு ஒரே டோஸ் என்றிருந்த பரிந்துரை 1989-இல் இரண்டாக மாறியது. ஒரு டோஸ் சுமார் 93 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு தருகிறது. எஞ்சிய ஏழு பேரில் பெரும்பாலோருக்கு முதல் ஊசி ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. அவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது என்பதால் எல்லோருக்கும் இன்னொரு முறை போடுகிறார்கள். அப்போது 97 ஆகிறது. எதிர்த் திசையிலும் மாற்றங்கள் நடந்திருக்கின்றன. மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றிருந்த விதியை, ஒரு டோஸே ஆயுளுக்குப் போதும் என்று 2013-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு மாற்றியது. பயணிகளுக்கான பன்னாட்டு விதியும் 2016 ஜூலையில் அதற்கேற்ப மாறியது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க 2006-இல் மூன்று டோஸாக அறிமுகமான எச்.பி.வி. தடுப்பூசி, சிறுமிகளுக்கு 2014-இல் இரண்டாகவும், 2022-இல் ஒன்றோ இரண்டோ போதும் என்றும் குறைந்தது. டோஸைக் குறைத்தபோது, அன்றைக்கு ஏன் அதிகமாகச் சொன்னீர்கள் என்று யாரும் தெருவில் இறங்கியதாகத் தெரியவில்லை. கூட்டினால் மட்டும் சந்தேகம் வருவது மனித இயல்பு; அதைச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை.

படி 5: கிருமி அதே கிருமிதானா?

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியின் கலவை பருவம் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தீர்மானிக்கப்படுகிறது. இடையில் வைரஸ் வேறு பக்கம் நகர்ந்துவிட்டால் ஊசி குறி தவறுகிறது. சி.டி.சி. கணக்கின்படி 2010–11 பருவத்தில் 60 சதவீதமாக இருந்த அதன் பயன், 2014–15 பருவத்தில் 19 சதவீதமாக இருந்தது. 2021 நவம்பர் 26 அன்று உலக சுகாதார நிறுவனம் ஒமைக்ரான் என்று பெயரிட்ட திரிபு, அதாவது உருமாறிய கோவிட் வைரஸ், பரவியபோது, கோவிட் ஊசிகளுக்கும் இதே நிலை வந்தது. முதல் படியில் எழுதிய தேதிகளுக்கு எதிரே அப்போது பரவிய திரிபையும் எழுதிவிட்டால், இருக்கும் முரண்பாடுகளில் பல மறைந்துவிடும்.

படி 6: எந்த மக்களுக்காகச் சொல்லப்பட்டது?

ஜெர்மனியில் 2021 ஜனவரி இறுதியில், ஆஸ்ட்ராசெனெகா ஊசியை 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் போடலாம் என்று நிபுணர் குழு பரிந்துரைத்தது. மார்ச் 30 அன்று, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டுமே போட வேண்டும் என்றது. இரண்டு மாதத்தில் பரிந்துரை தலைகீழானதைப் பார்த்து, இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று ஒருவர் முடிவுகட்டினால் அவரைக் குறை சொல்வது கடினம்.

ஆனால் இரண்டு முடிவுகளும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். முதல் முடிவு பயனைப் பற்றியது: சோதனையில் முதியவர்கள் மிகக் குறைவாக இருந்ததால் அவர்களுக்குப் பலன் தருமா என்று சொல்லத் தரவு இல்லை. பிறகு ஊசி பரவலாகப் போடப்பட்ட இடங்களிலிருந்து அந்தத் தரவு வந்து, முதியவர்களுக்கும் பலன் இருப்பது தெரிந்தது. இரண்டாவது முடிவு ஆபத்தைப் பற்றியது: அரிதான ஒருவகை இரத்த உறைவு வயது குறைந்தவர்களிடம் தென்பட்டது; அவர்களுக்குக் கோவிட்டால் வரும் ஆபத்தும் குறைவு. எண்பது வயதுக்காரருக்கு நல்ல பேரமாக இருக்கும் ஊசி இருபத்தைந்து வயதுக்காரருக்கு அப்படி இல்லாமல் போகலாம். இந்த இரண்டு விடைகளையும் அன்றைக்கே எளிய மொழியில் சொல்லியிருந்தால் பாதிக் குழப்பம் எழுந்திருக்காது.

படி 7: மருத்துவமனையில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஊசி போட்டவர்கள் என்ற செய்தியைக் கையாளுதல்

நம்பிக்கையை மிக வேகமாக அரித்த செய்தி இதுதான். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் பேர் கொண்ட ஊரில் 9,000 பேர் ஊசி போட்டவர்கள், 1,000 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் 2 சதவீதம், அதாவது 20 பேர், மருத்துவமனைக்குப் போகிறார்கள். ஊசி 90 சதவீதம் காக்கிறது என்றால் போட்டவர்களில் 0.2 சதவீதம், அதாவது 18 பேர், போவார்கள். வார்டில் 38 பேர். அவர்களில் ஏறத்தாழ பாதி ஊசி போட்டவர்கள். இப்போது மேலும் 500 பேர் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். 9,500 பேரில் 19, மீதி 500 பேரில் 10. வார்டில் 29 பேர்தான். ஆனால் மூவரில் இருவர் ஊசி போட்டவர்கள். ஊசியின் திறன் சிறிதும் மாறவில்லை, நோயாளிகளும் குறைந்துவிட்டார்கள், செய்தித் தலைப்பு மட்டும் மோசமாகிவிட்டது. ஊரில் எல்லோரும் போட்டுக்கொண்டால் வார்டில் இருப்பவர்கள் நூற்றுக்கு நூறு ஊசி போட்டவர்களாகவே இருப்பார்கள்.

வயதைச் சேர்க்காவிட்டால் கணக்கு இன்னும் திரியும். 2021 ஆகஸ்ட் நடுவில் இஸ்ரேலில் கடுமையான கோவிட்டோடு மருத்துவமனையில் இருந்தவர்களில் 58 சதவீதம் பேர் ஊசி போட்டவர்கள். மொத்தமாகக் கணக்கிட்டால் ஊசியின் பாதுகாப்பு சுமார் 67 சதவீதம் என்றுதான் வந்தது. ஐம்பது வயதுக்குக் கீழே, மேலே என்று பிரித்துக் கணக்கிட்டபோது முறையே சுமார் 92, 85 என்று வந்தது. இரண்டு பிரிவிலும் அதிகமாக இருப்பது மொத்தத்தில் எப்படிக் குறையும்? ஊசி போட்டவர்களில் முதியவர்களே அதிகம். அவர்களுக்குக் கடுமையான நோய் வரும் வாய்ப்பும் அதிகம். அந்த வயது வித்தியாசம் ஊசியின் கணக்கில் பற்று எழுதப்பட்டுவிடுகிறது.

முதலில் சொன்ன ஜூலை 27 மாற்றத்தோடு இணைத்துப் பேசப்படும் நிகழ்வையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராவின்ஸ்டவுனில் விடுமுறைக் கூட்டங்களைத் தொடர்ந்து அந்த மாநிலத்தவர் 469 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 346 பேர் முழுமையாக ஊசி போட்டவர்கள். அந்த 74 சதவீதத்திலிருந்து ஊசியின் செயல்திறனைக் கணக்கிட முடியாது. அங்கே கூடியவர்களில் எத்தனை பேர் ஊசி போட்டவர்கள் என்ற வகுக்கும் எண் கையில் இல்லை. அது காட்டியது வேறொன்று: டெல்டா திரிபு ஊசி போட்டவர்களையும் தொற்ற முடியும். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஐந்து பேர். இறந்தவர் எவரும் இல்லை.

இந்தப் பிழை ஊசிக்கு எதிராக மட்டும் வேலை செய்வதில்லை. மரணப் படுக்கையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் ஊசி போடுவதில்லை. உடல்நலத்தில் அக்கறை உள்ளவர் முதலில் வரிசையில் நிற்கிறார். ஊசி போட்டவர்களிடையே இறப்பு குறைவு என்று காட்டும் சாதாரண ஒப்பீட்டில் இந்தச் சாதகமும் கலந்திருக்கும். நல்ல ஆய்வு இதை எப்படிச் சரிக்கட்டியது என்று சொல்லும். சொல்லாத ஆய்வின் எண்ணை, அது நமக்குப் பிடித்த எண்ணாக இருந்தாலும், கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

படி 8: பாதுகாப்பைப் பற்றிய செய்தி மாறினால்

சோதனையில் எத்தனை பேர் இருந்தார்களோ அதற்கேற்ற அளவிலான ஆபத்தைத்தான் சோதனை பிடிக்கும். 1998 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரோட்டாஷீல்டு என்ற, கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான வாய்வழித் தடுப்பு மருந்து, குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் நிலையை ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு ஏற்படுத்தியது. சோதனையில் மருந்து பெற்ற குழந்தைகளும் பத்தாயிரம் அளவில்தான் என்பதால் அப்போது அது உறுதியாகத் தெரியவில்லை. பயன்பாட்டுக்கு வந்தபின் வந்த பக்கவிளைவு அறிக்கைகள் அதைக் காட்டின. 1999 ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டு, அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது. அடுத்து வந்த இரண்டு ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்துகளும் தலா 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட பிறகே அனுமதி பெற்றன. இப்படி ஒரு நிறுத்தம் வரும்போது, குறையைக் கண்டுபிடித்தது யார் என்று பாருங்கள். கண்காணிப்பு அமைப்பே கண்டுபிடித்து, அதுவே அறிவித்திருந்தால், அந்த அமைப்பு உறங்கவில்லை என்று பொருள்.

படி 9: தகவலையும் ஆலோசனையையும் இரண்டு வரியாகப் பிரியுங்கள்

ஊசி இத்தனை சதவீதம் காக்கிறது என்பது தகவல். ஆகவே எல்லோரும் போடுங்கள், அல்லது முகக்கவசத்தைக் கழற்றுங்கள் என்பது ஆலோசனை. ஆலோசனையில் தகவலோடு கையிருப்பும், அவசரமும், அரசின் முன்னுரிமையும் சேர்ந்திருக்கும். 2020 டிசம்பர் 30 அன்று பிரிட்டன், கையிருப்பு குறைவாக இருந்த நிலையில் அதிகம் பேருக்கு முதல் டோஸ் கிடைக்கட்டும் என்று இரண்டு டோஸ்களுக்கு இடைவெளியை 12 வாரம் வரை நீட்டியது. அமெரிக்கா மூன்று, நான்கு வாரம் என்பதிலேயே நின்றது. இரு நாடுகளின் கையிலும் இருந்தவை பெரும்பாலும் ஒரே தரவுகள். ஆலோசனை மாறியதாலோ நாட்டுக்கு நாடு வேறுபட்டதாலோ தகவல் பொய்யாகிவிடாது. ஆனால் ஆலோசனையை அறிவியலின் ஒரே முடிவு என்று சொல்லி விற்றவர்களுக்கு அந்த மாற்றத்தை விளக்குவது கடினமாகத்தான் இருந்தது.

படி 10: மாற்றிச் சொன்னவரை எடைபோடுங்கள்

இதுவரை வாக்கியங்களை எடைபோட்டோம். இனிப் பேசியவரை. நான் பார்ப்பவை இவை: முதல்முறை பேசும்போதே தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரா? மாற்றியபோது, முன்பு சொன்னதை மேற்கோள் காட்டி, எது புதிதாகத் தெரிந்தது என்று சொன்னாரா? அல்லது முன்பு அப்படிச் சொல்லவே இல்லை என்பதுபோல நடந்துகொண்டாரா? எதிரான அறிகுறி முதலில் தெரிந்த நாளுக்கும் மக்களுக்குச் சொன்ன நாளுக்கும் இடையே எவ்வளவு காலம்?

கடைசிக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதற்குப் பிலிப்பைன்ஸ் சாட்சி. 2016 ஏப்ரலில் அங்கே பள்ளி மாணவர்களுக்கு டெங்வாக்சியா என்ற டெங்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றுக்கொண்டார்கள். 2017 நவம்பர் 29 அன்று தயாரிப்பு நிறுவனமான சனோஃபி, இதற்கு முன் டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசிக்குப் பின் டெங்கு வந்தால் அது கடுமையாக இருக்கக்கூடும் என்று அறிவித்தது. டெங்குவில் இரண்டாவது தொற்றுதான் பெரும்பாலும் ஆபத்தானது. டெங்குவைக் காணாத உடலுக்கு ஊசியே முதல் தொற்றைப் போல அமைந்துவிடுகிறது. சோதனையில் ஊசி பெற்ற மிகச் சிறிய குழந்தைகள் பின்னாளில் டெங்குவால் அதிகமாக மருத்துவமனையில் சேர்ந்தார்கள் என்பது 2015-லேயே ஆய்விதழில் வெளியாகி, சில விஞ்ஞானிகள் எச்சரித்தும் இருந்தார்கள். அந்த எச்சரிக்கை பெற்றோரின் காதுக்குப் போகவில்லை.

விளைவு டெங்குவோடு நிற்கவில்லை. தடுப்பூசிகள் முக்கியமானவை என்பதை உறுதியாக ஏற்பதாகச் சொன்ன பிலிப்பைன்ஸ் மக்கள் 2015-இல் 93 சதவீதம். 2018-இல் 32 சதவீதம். பல ஆண்டுகள் நன்றாக வேலை செய்த மற்ற ஊசிகளும் ஒரே ஊசியின் பெயரால் சந்தேகத்துக்கு ஆளாயின. 2019 பிப்ரவரியில் அந்நாடு தட்டம்மைப் பரவலை அறிவிக்க வேண்டியிருந்தது.

உண்மையை முழுவதும் சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்ற அதிகாரிகளின் வாதத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் நடத்தி 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், தடுப்பூசியின் பாதகமான அம்சங்களை வெளிப்படையாகச் சொன்னபோது ஊசியை ஏற்கும் விருப்பம் குறையத்தான் செய்தது. ஆனால் சுகாதார அமைப்புகள் மீதான நம்பிக்கை கூடியது, சதிக் கதைகளை நம்புவது குறைந்தது. இன்றைய ஊசிக் கணக்கைப் பார்ப்பதா, அடுத்த பத்தாண்டுக்கான நம்பிக்கையைப் பார்ப்பதா என்று அதிகாரி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த கிருமி வரும்போது கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான்.

படி 11: மாறிய செய்தியை நீங்கள் அடுத்தவருக்குச் சொல்லும்போது

செவிலியராகவோ, ஆசிரியராகவோ, வீட்டில் மற்றவர்கள் கேட்டு நடக்கும் ஒருவராகவோ நீங்கள் இருக்கலாம். அப்போது மாற்றத்தை மறைக்காமல் அதையே முதல் வரியாக வையுங்கள். மாதிரிக்கு ஒன்று:

“மார்ச் மாதத்தில், இந்த ஊசி தொற்றையே பெருமளவு தடுக்கும் என்று சொல்லியிருந்தோம். அது அப்போது பரவிய திரிபுக்கும், ஊசி போட்ட முதல் சில மாதங்களுக்கும் பொருந்தியது. இப்போது பரவும் திரிபில் தொற்றைத் தடுக்கும் திறன் நன்றாகக் குறைந்திருக்கிறது. மருத்துவமனையில் சேரும் நிலையைத் தடுக்கும் திறன் பெரும்பாலும் நீடிக்கிறது. அறுபது வயதைக் கடந்தவர்கள் இன்னொரு டோஸ் போட்டுக்கொள்வது நல்லது என்பது எங்கள் ஆலோசனை. அந்த டோஸின் பலன் எத்தனை மாதம் நிற்கும் என்று இன்னும் தெரியாது. தெரிய வந்ததும் சொல்வோம்.”

இதில் முன்பு சொன்னது, மாறியது, மாறாதது, ஆலோசனை, தெரியாதது ஆகியவை தனித்தனியாக நிற்கின்றன. மன்னிப்பு தேவைப்படும் இடத்தில், அதாவது தரவு இல்லாமலேயே உறுதி கொடுத்திருந்தால், அதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அறிவிப்பின் தலையில் தேதியைப் போடுங்கள். பழைய அறிவிப்பை நீக்கிவிடாமல், இன்ன தேதியில் இன்ன காரணத்தால் மாற்றப்பட்டது என்ற குறிப்போடு அங்கேயே விட்டுவையுங்கள். நீங்கள் நீக்கினாலும் அதன் படம் யாராவது ஒருவரின் கைபேசியில் இருக்கும்; தேதியும் காரணமும் இல்லாமல் அதுதான் அடுத்த ஆண்டு சுற்றிவரும்.